வீட்டு வரி கூடிப்போச்சா? பில்லைப் பார்த்துக் கோபப்படுவதற்கு முன் நோட்டீஸைத் தேடுங்கள்

கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர் நோக்கிப் போகும் ஐந்தாம் எண் கூட்டரசு சாலையில் காப்பார் வரும். அங்குள்ள தாமான் வீடுகளில் பலவும் பெற்றோர் பல வருடம் வேலை செய்து, இபிஎஃப் பணத்தைப் போட்டு, வங்கிக் கடனை அடைத்து வாங்கியவை. அந்த வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. மலாய் மொழியில் அரசாங்கக் கடிதம் எது வந்தாலும், அது நேராகப் பிள்ளைகள் கைக்கு வந்துவிடும். "இது என்னன்னு கொஞ்சம் பாரும்மா."

அப்படி வரும் கடிதங்களில் ஒன்று மதிப்பீட்டு வரி பற்றியது. மலாயில் சுக்காய் தக்சிரான். வீட்டுப் பேச்சில் சுக்காய் பிந்து, அல்லது சும்மா வீட்டு வரி. தொகை கூடியிருந்தால் அப்பா முணுமுணுப்பார், அம்மா பணத்தைத் தேடுவார், கடைசியில் கட்டிவிடுவார்கள். "கவர்மெண்ட் போட்டா போட்டதுதான், நாம என்ன செய்ய முடியும்?"

செய்ய முடியும். அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி கொஞ்ச நாள்தான் திறந்திருக்கும். பில் கைக்கு வரும்போது பெரும்பாலும் அது மூடியிருக்கும்.

முதலில், இது எந்த வரி?

ஒரு வீட்டுக்கு வேறு வேறு அலுவலகங்களிலிருந்து பில் வருவதால் குழப்பம் சகஜம்.

நில வரி, அதாவது சுக்காய் தானா, மாநில அரசுக்குப் போவது. நில அலுவலகம் வசூலிக்கிறது. அடுக்குமாடி வீடுகளுக்குச் சிலாங்கூரில் 2018 முதல் நில வரிக்குப் பதிலாக சுக்காய் பெத்தாக் என்ற தனி பில் வருகிறது. கழிவுநீருக்கான இண்டா வாட்டர் பில் இன்னொன்று.

நாம் பேசப்போகும் மதிப்பீட்டு வரி இவற்றில் சேராது. அது ஊராட்சி மன்றத்துக்குப் போகும் பணம். குப்பை அள்ளுவது, கால்வாய் சுத்தம், தெரு விளக்கு, பூங்கா எல்லாவற்றுக்கும் மன்றத்தின் முக்கிய வருமானம் இதுதான். காப்பார் பட்டணத்துக்கு அந்த மன்றம் கிள்ளான் அரச மாநகர் மன்றம், சுருக்கமாக எம்பிடிகே. 2024 பிப்ரவரி 5 வரை அது கிள்ளான் நகராண்மைக் கழகம், எம்பிகே, என்ற பெயரில் இருந்தது. பழைய ரசீதுகளில் அந்தப் பெயர் இருந்தால் பயப்பட வேண்டாம். பக்கத்துத் தாமான் வேறு மன்றத்தின் கீழ் வரலாம் என்பதால், பில்லின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். பிரிக்பீல்ட்ஸ்வாசிகளுக்கு அது கோலாலம்பூர் மாநகர் மன்றம், அதாவது டிபிகேஎல்.

தீபகற்ப மலேசியா முழுக்க இந்த வரிக்கு அடிப்படை ஒரே சட்டம்: 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டம், சட்டம் எண் 171.

பில்லில் இருக்கும் இரண்டு எண்கள்

பில்லை எடுத்துப் பாருங்கள். இரண்டு சொற்களைத் தேடுங்கள்: நிலாய் தாஹுனான், காடார்.

நிலாய் தாஹுனான் என்றால் ஆண்டு மதிப்பு. உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஓர் ஆண்டுக்கு நியாயமாக எவ்வளவு வாடகை கிடைக்கும் என்ற மதிப்பீடு அது. நீங்கள் உண்மையில் வாடகைக்கு விடுகிறீர்களா என்பது கணக்கில் வராது. அப்பா அம்மா மட்டும் இருக்கும் வீட்டுக்கும் ஒரு கற்பனை வாடகை உண்டு. ஜொகூரில் மட்டும் முறை வேறு; அங்கே சொத்தின் விலை மதிப்பை வைத்துக் கணக்கிடுகிறார்கள்.

காடார் என்றால் விகிதம். ஆண்டு மதிப்பில் எத்தனை விழுக்காடு வரியாகக் கட்ட வேண்டும் என்பது. ஆண்டு மதிப்பில் 35 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டத்தின் உச்சவரம்பு. வீடுகளுக்கு நடைமுறையில் இருப்பது அதைவிட மிகக் குறைவு. வீடு, கடை, தொழிற்சாலை என்று வகைக்கு ஏற்ப மாறும்.

ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். மன்றம் உங்கள் வீட்டுக்கு மாத வாடகை 1,000 ரிங்கிட் என்று மதிப்பிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு மதிப்பு: 1,000 × 12 = 12,000 ரிங்கிட்
விகிதம் 4 விழுக்காடு என்றால் ஆண்டு வரி: 480 ரிங்கிட்
அரையாண்டு பில்: 240 ரிங்கிட்

வரி அரையாண்டுக்கு ஒருமுறை வரும். முதல் பாதிக்குப் பிப்ரவரி கடைசி நாள், இரண்டாம் பாதிக்கு ஆகஸ்டு 31 கடைசி நாள்.

இந்த இரண்டு எண்களில் விகிதத்தை மன்றமும் மாநில அரசும் தீர்மானிக்கின்றன. அது எல்லோருக்கும் பொதுவான கொள்கை முடிவு. தனி ஒரு வீட்டுக்காரர் பாரம் நிரப்பி அதை மாற்ற முடியாது. ஆண்டு மதிப்பு அப்படி இல்லை. அது உங்கள் வீட்டைப் பற்றிய ஒரு கணிப்பு. கணிப்பு தப்பாகலாம். நீங்கள் ஆட்சேபிக்கக்கூடிய எண் அதுதான்.

மதிப்பு எப்போது மாறும்?

ஒவ்வொரு மன்றத்திடமும் செனாராய் நிலாயன் என்ற மதிப்பீட்டுப் பட்டியல் இருக்கிறது. எந்த வீடு, யார் உரிமையாளர், ஆண்டு மதிப்பு எவ்வளவு என்ற விவரம் எல்லாம் அதில். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப் பட்டியல் போட வேண்டும் என்கிறது சட்டம். அதே சட்டம், மாநில அரசு விரும்பினால் அந்தக் காலத்தை நீட்டிக்கலாம் என்றும் சொல்கிறது. நடைமுறையில் பல மன்றங்கள் பல்லாண்டுகள் பழைய பட்டியலிலேயே ஓட்டிவிடுகின்றன. பிறகு ஒரு நாள் எல்லாவற்றையும் ஒரே அடியாக மாற்றும்போது மக்கள் அதிர்ந்துபோகிறார்கள்.

கோலாலம்பூரில் நடந்தது இதற்கு நல்ல பாடம். 1992க்குப் பிறகு டிபிகேஎல் மறுமதிப்பீடே செய்யவில்லை. 21 ஆண்டு கழித்து, 2013 நவம்பரில், புது மதிப்புடன் நோட்டீஸ்கள் வீடு வீடாகப் போயின. பல வீடுகளுக்கு ஆண்டு மதிப்பு இரட்டிப்பானது, சிலவற்றுக்கு அதைவிட அதிகம். ஆட்சேபிக்க டிசம்பர் 17 வரை காலக்கெடு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. கண்டனக் கூட்டங்களும் நடந்தன. கடைசியில் விகிதத்தைக் குறைத்தார்கள்: வீடுகளுக்கு 6 விழுக்காட்டிலிருந்து 4, வணிக இடங்களுக்கு 12லிருந்து 10.

அதோடு பலரும் அமைதியாகிவிட்டார்கள். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மதிப்பு இரட்டிப்பாகி, விகிதம் 6லிருந்து 4க்கு இறங்கினால் வரி மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. மதிப்பு மூன்று மடங்கானால் வரி இரட்டிப்பாகிறது. விகிதத்தைக் குறைத்தது உண்மையான நிவாரணம்தான். இருந்தாலும் தன் வீட்டு மதிப்பு தப்பு என்று நினைத்தவருக்கு அந்தத் தப்பு அப்படியேதான் இருந்தது.

சிலாங்கூரிலும் பல்லாண்டுகளுக்குப் பிறகு மறுமதிப்பீடு வந்தது. 2025 முதல் புது வரி. ஆனால் யாருக்கும் உயர்வு 25 விழுக்காட்டைத் தாண்டாது என்று மாநில அரசு அறிவித்தது. "சரி, 25க்கு மேல போகாதுல்ல, விட்டுடலாம்" என்று தோன்றும். ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். உச்சவரம்பு ஒரு கொள்கை முடிவு, அது நாளை மாறலாம். விகிதமும் மாறலாம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எழுதிய மதிப்போ அடுத்த பட்டியல் வரும்வரை தங்கும். கோலாலம்பூரில் அது 21 ஆண்டு தங்கியது.

எதை ஆட்சேபிக்கலாம்?

சட்டத்தின் 142ஆம் பிரிவு ஐந்து காரணங்களைத் தருகிறது. எளிமையாகச் சொன்னால்:

1. என் வீட்டின் மதிப்பு இருக்க வேண்டியதைவிட அதிகமாகப் போடப்பட்டிருக்கிறது.
2. மதிப்பிடப்பட்ட இந்த இடம் வரிக்கு உட்பட்டதே இல்லை.
3. பட்டியலில் சேர்க்க வேண்டிய ஓர் ஆளோ இடமோ விடுபட்டிருக்கிறது.
4. ஓர் இடத்தின் மதிப்பு குறைவாகப் போடப்பட்டிருக்கிறது.
5. சேர்த்து மதிப்பிட்டதைப் பிரித்து, அல்லது பிரித்து மதிப்பிட்டதைச் சேர்த்து மதிப்பிட வேண்டும்.

சாதாரண வீட்டுக்காரருக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் முதல் காரணம்தான். ஐந்தாவது, ஒரே நிலத்தில் அண்ணன் தம்பி வீடுகள் இருக்கும் குடும்பங்களுக்கு உதவலாம்.

இந்தப் பட்டியலில் என்ன இல்லை என்பதையும் கவனியுங்கள். "நான் பென்ஷன்காரன், கட்ட முடியாது" என்பது இல்லை. "தெருவிளக்கு எரியவே இல்லை, கால்வாய் நாறுது, எதுக்கு வரி?" என்பதும் இல்லை. இரண்டும் நியாயமான பேச்சுதான். ஆனால் ஆட்சேபப் பாரத்தில் அதை மட்டும் எழுதினால் மதிப்பீட்டு அதிகாரி செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அவர் பார்ப்பது ஒரே கேள்வி: இந்த வீட்டுக்கு இந்த வாடகை சரியா? கட்ட முடியாத நிலைமைக்கு மன்றத்திடம் ராயுவான், அதாவது முறையீடு, தனியாகக் கொடுங்கள். கால்வாய்க்குத் தனியாகப் புகார் கொடுங்கள். மூன்றையும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள்.

எத்தனை நாள் இருக்கு?

பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

புதுப் பட்டியல் தயாரானதும் மன்றம் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிப்பு வெளியிட வேண்டும். பட்டியலை எங்கே பார்க்கலாம், எந்தத் தேதியில் அதைச் சரிபார்த்து முடிப்போம் என்று அதில் சொல்ல வேண்டும். அந்தத் தேதி, அறிவிப்பு வந்து குறைந்தது 42 நாள் கழித்து இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தது 14 நாள் முன்பே உங்கள் ஆட்சேபம் எழுத்தில் போய்ச் சேர வேண்டும்.

கணக்கில் போட்டால் புரியும். அறிவிப்பு அக்டோபர் 1 அன்று வந்தால், 42 நாள் கழித்து நவம்பர் 12. அதிலிருந்து 14 நாள் பின்னால் வந்தால் அக்டோபர் 29. ஆக, 42 நாள் என்று காதில் விழுந்தாலும் கையில் இருப்பது நான்கே வாரம். கடிதம் தபால்பெட்டியில் ஒரு வாரம் கிடந்தால் மூன்று வாரம்.

இன்னொரு சூழ்நிலையும் உண்டு. பட்டியல் பழையதுதான், ஆனால் உங்கள் வீடு மட்டும் மாறியிருக்கிறது. பின்னால் சமையல்கட்டை நீட்டியிருப்பீர்கள், மேல்மாடி எடுத்திருப்பீர்கள். அப்போது 144ஆம் பிரிவின்படி மன்றம் உங்கள் வீட்டு மதிப்பை மட்டும் திருத்தலாம். அதற்கு உங்களுக்குக் குறைந்தது 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். குறித்த தேதிக்குக் குறைந்தது 10 நாள் முன்பே ஆட்சேபம் கொடுத்தாக வேண்டும். அதாவது 20 நாள்.

உங்கள் நோட்டீஸில் கடைசித் தேதி அச்சாகி இருக்கும். அந்தத் தேதியை போனில் அலாரமாகப் போட்டு வையுங்கள்.

வாதத்தை எப்படித் தயார் செய்வது?

"ரொம்ப அதிகம்" என்பது உணர்ச்சி. அதிகாரி முன்னால் வைக்க எண் வேண்டும். உங்கள் வேலை, மன்றம் நினைக்கும் வாடகை இந்தத் தெருவில் கிடைக்காது என்று காட்டுவது.

முதலில் தப்புகளைத் தேடுங்கள். நோட்டீஸில் அல்லது மன்றப் பதிவில் உள்ள வீட்டு வகை, நிலப்பரப்பு, கட்டடப் பரப்பு சரியா? ஒரு மாடி வீட்டை இரண்டு மாடி என்று பதிந்திருக்கிறார்களா? இடித்துப்போட்ட கொட்டகை இன்னும் கணக்கில் இருக்கிறதா? நிலப்பட்டா, வீடு வாங்கியபோது போட்ட எஸ்பிஏ ஒப்பந்தம், கட்டட பிளான் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இப்படிப்பட்ட நேரடித் தவறுதான் ஜெயிக்கச் சுலபமானது. அதில் வாக்குவாதத்துக்கே இடமில்லை.

அடுத்து அக்கம்பக்கம். பட்டியல் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும்; போய்ப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. அதே வரிசையில், அதே அளவில், நீட்டிப்பு எதுவும் இல்லாத வீடுகளுக்கு என்ன மதிப்பு? ஒரே மாதிரி ஐந்து வீட்டில் நான்குக்கு 9,600, உங்களுக்கு மட்டும் 12,000 என்றால் அது பலமான வாதம். மூலை வீட்டுக்கு நிலம் அதிகம், அதோடு ஒப்பிட வேண்டாம். 144ஆம் பிரிவுத் திருத்தத்திலும் இதே வாதம் உதவும். பழைய பட்டியலில் பக்கத்து வீடுகளின் மதிப்பு அந்தக் கால வாடகையில் இருக்கும்போது, உங்கள் வீட்டை மட்டும் இன்றைய வாடகைக்குத் தூக்குவது சரியா என்று கேட்கலாம்.

மூன்றாவது, உண்மையான வாடகை. தெருவில் யாராவது வாடகைக்கு விட்டிருந்தால், அவர் சம்மதித்தால், ஒப்பந்தத்தின் நகல் கேளுங்கள். இணையத்தில் வீட்டு வாடகை விளம்பரங்கள் இருக்கும். தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலைதான், கிடைத்த விலை ஆகாது. அதனால் ஒப்பந்தம் கிடைத்தால் அதற்குத்தான் எடை அதிகம்.

ஒரு விஷயம் ஞாபகம் வேண்டும். இங்கே பேசும் வாடகை வெறும் வீட்டுக்கானது. கட்டில், ஏர்கண்ட், வாஷிங் மெஷின் எல்லாம் வைத்து முழு வசதியோடு விடும் வீட்டின் வாடகையை உங்கள் வீட்டோடு ஒப்பிட்டால் தொகை கூடித்தான் தெரியும்.

நான்காவது, வாடகையைக் குறைக்கும் காரணங்கள். மழைக்கு வெள்ளம் ஏறும் தெருவா? பக்கத்தில் தொழிற்சாலைச் சத்தமா, லாரிப் போக்குவரத்தா? உயர்மின் கம்பி போகிறதா? சுவரில் விரிசலா? இவை வாடகையைப் பாதிக்கும் விஷயங்கள். படம் எடுத்து, தேதி போட்டு இணையுங்கள். "வெள்ளம் வருது" என்பதைப் புலம்பலாக இல்லாமல், "வெள்ளம் வருவதால் இந்த வரிசையில் வாடகை 850தான் போகிறது" என்று எழுதுங்கள்.

கடைசியாக, உங்கள் எண்ணைச் சொல்லுங்கள். மேலே பார்த்த உதாரணத்தில் மன்றம் 1,000 என்கிறது. உங்களுக்குக் கிடைத்த ஆதாரம் 850 என்கிறது. அப்படியானால் ஆண்டு மதிப்பு 10,200, வரி 408. ஆண்டுக்கு 72 ரிங்கிட் மிச்சம். சின்னத் தொகையாகத் தெரியும். ஐந்து ஆண்டுக்கு 360. பட்டியல் 20 ஆண்டு நீடித்தால், விகிதம் மாறாவிட்டால், 1,440. ஓய்வுபெற்ற ஒருவருக்கு அது சின்னத் தொகை இல்லை.

கடிதத்தில் என்ன எழுதணும்?

பல மன்றங்கள் பந்தாஹான் பாரம் வைத்திருக்கின்றன. முகப்பில் கிடைக்கும், மன்றத்தின் இணையத்தளத்திலும் பாருங்கள். பாரம் கிடைக்காவிட்டால் சாதாரணக் கடிதம் போதும். சட்டம் கேட்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்பதுதான். மலாயில் எழுதுவது வேலையைச் சுலபமாக்கும்.

பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். கணக்கு எண், வீட்டு முகவரி, உரிமையாளர் பெயர், அடையாள அட்டை எண், நோட்டீஸ் தேதி. 142 அல்லது 144, எந்தப் பிரிவின் கீழ் ஆட்சேபம், எந்தக் காரணம். மன்றம் போட்ட மதிப்பு, நீங்கள் சரி என்று நினைக்கும் மதிப்பு. ஆதாரங்களின் பட்டியல். நேரில் பேச விரும்புகிறேன் என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

முகப்பில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியோடு சாப் அடித்து வாங்குங்கள். தபாலில் போட்டால் பதிவுத் தபால். "குடுத்தேன், ஆனா கிடைக்கலையாம்" என்ற கதை வரக்கூடாது.

விசாரணைக்கு யார் போகலாம்?

வந்த ஆட்சேபங்களை மன்றம் விசாரிக்க வேண்டும். ஆட்சேபித்தவருக்குப் பேச வாய்ப்பு தர வேண்டும். இது சட்டம். உரிமையாளர் தானே போகலாம், அல்லது அதிகாரம் கொடுத்த ஒருவரை அனுப்பலாம். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம். அப்பா கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதமும் இருவரின் அடையாள அட்டை நகலும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டின் கதை அவருக்குத்தான் தெரியும்: கூரை எப்போது மாற்றியது, எந்த வருடம் தண்ணீர் ஏறியது.

நீதிமன்றம் மாதிரி கற்பனை செய்ய வேண்டாம். பேசக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். மூன்று விஷயம் சொல்லுங்கள்: மன்றம் போட்ட மதிப்பு இது, என் ஆதாரம் இது, நான் கேட்கும் மதிப்பு இது. அதிகாரியிடம் ஒரு கேள்வியும் கேளுங்கள்: "எந்த வீடுகளோடு ஒப்பிட்டு இந்த மதிப்பைப் போட்டீங்க?" பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே தெருவில் பலருக்கு இதே பிரச்சினை என்றால் சேர்ந்து ஆதாரம் திரட்டுங்கள். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி ஆட்சேபம் போடுங்கள். மதிப்பு ஒவ்வொரு வீட்டுக்கும் தனி. ஒரே தாளில் நூறு கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் அது மனு. உங்கள் வீட்டுக்கான ஆட்சேபமாக நிற்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

முடிவு பிடிக்கவில்லை என்றால்?

145ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் ஆட்சேபம் போட்டவருக்குத்தான் அந்த வழி. நோட்டீஸ் காலத்தில் பேசாமல் இருந்துவிட்டு நேராக நீதிமன்றம் போக முடியாது. தேதியைத் தவறவிடக்கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

வழக்கறிஞர் கட்டணம், பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கைச் செலவு எல்லாம் சேர்த்தால், ஆண்டுக்கு 72 ரிங்கிட் மிச்சப்படுத்த யாரும் உயர் நீதிமன்றம் போகமாட்டார்கள். கடை வரிசை, தொழிற்சாலை, பெரிய நிலம் வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்தப் படி கட்டுப்படியாகும். ஆகவே சாதாரண வீட்டுக்காரருக்கு மன்றத்தின் விசாரணைதான் முதல் வாய்ப்பும் கடைசி வாய்ப்பும். அதற்குத் தயாராகப் போங்கள்.

அதுவரைக்கும் பில் கட்டாம இருக்கலாமா?

வேண்டாம். ஆட்சேபம் போட்டுவிட்டோம் என்று பில்லை ஒதுக்கி வைக்காதீர்கள். பிப்ரவரி அல்லது ஆகஸ்டு முடிந்தும் கட்டாத தொகை பாக்கியாகிறது, அதோடு கட்டணமும் சேர்கிறது. அதற்குப் பிறகு பாக்கி நோட்டீஸ், அடுத்து வாரண்ட். வாரண்டோடு வருபவர்கள் வீட்டிலுள்ள பொருளைப் பறிமுதல் செய்து ஏலம் விடலாம். நீண்ட பாக்கிக்குச் சொத்தையே விற்கக் கேட்கும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. கட்டிவிட்டு வாதாடுங்கள். ஆட்சேபம் ஜெயித்தால், கூடுதலாகக் கட்டியதை அடுத்த பில்லில் கழிக்கும்படி கேளுங்கள்.

தேதி போயிடுச்சே, இப்ப என்ன?

பட்டியல் மூடிவிட்டால் பெரிய கதவு மூடிவிட்டது. ஆனாலும் சில சின்னக் கதவுகள் உண்டு.

பதிவில் தெளிவான தப்பு இருந்தால், உதாரணமாகத் தப்பான வீட்டு வகை அல்லது இடிந்துபோன கட்டடம், 144ஆம் பிரிவில் பட்டியலைத் திருத்தும் அதிகாரம் மன்றத்துக்கு எப்போதும் இருக்கிறது. ஆதாரத்தோடு எழுதிக் கேளுங்கள்.

வீடு காலியாகக் கிடந்தால், அந்தக் காலத்துக்கான வரியில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்க 162ஆம் பிரிவு வழி தருகிறது. நிபந்தனைகள் கடுமையானவை. வீடு குடியிருக்கத் தக்க நல்ல நிலையில் இருக்க வேண்டும், வாடகைக்கு ஆள் தேடியிருக்க வேண்டும், கேட்ட வாடகை நியாயமாக இருக்க வேண்டும், காலியானதை மன்றத்துக்கு உடனே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். சாவியைப் பூட்டிவிட்டுச் சும்மா இருந்த வீட்டுக்கு இது கிடைக்காது.

சிலாங்கூரில் மலிவு விலை வீடுகளுக்கும் கம்பத்து வீடுகளுக்கும் 2016இல் மாநில அரசு வரிவிலக்கு அறிவித்தது. அப்பாவின் வீடு அந்த வகையில் வருமா, இன்றைய நிபந்தனை என்ன, மன்றப் பதிவில் எப்படி இருக்கிறது என்று முகப்பில் கேளுங்கள். கேட்பதற்குச் செலவில்லை.

கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. பொது வழிபாட்டுக்கு மட்டுமே பயன்படும், லாப நோக்கமில்லாத இடங்களுக்கு விலக்குக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. அதே வளாகத்தில் வாடகைக்கு விட்ட கடை இருந்தால் அந்தப் பகுதிக்கு இது பொருந்தாமல் போகலாம்.

நோட்டீஸ் யார் பெயரில் வருது?

நம் வீடுகளில் இது பெரிய சிக்கல். தாத்தா இறந்து பத்து வருடம், பில் இன்னும் அவர் பெயரில். கட்டிக்கொண்டே இருப்பதால் யாருக்கும் உறுத்தவில்லை. ஆனால் ஆட்சேபிக்கப் போகும் அன்று "நீங்க யாரு?" என்ற கேள்வி வரும்.

வீட்டை வாங்கினால் அல்லது விற்றால், மூன்று மாதத்துக்குள் மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 160ஆம் பிரிவு. வாரிசாக வந்த சொத்துக்கும் பெயர் மாற்ற வேண்டும். நில அலுவலகத்தில் பட்டா மாறினால் மன்றத்தில் தானாக மாறிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். இரண்டும் வேறு அலுவலகம். பழைய முகவரிக்கு, இறந்தவர் பெயருக்குப் போன நோட்டீஸால் எத்தனையோ வீடுகளில் அந்த நான்கு வாரம் சத்தமில்லாமல் கழிந்துவிடும்.

லண்டனில் வேற மாதிரியாமே?

அங்கே உறவினர் இருந்தால் கவுன்சில் டாக்ஸ் பேண்ட் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கிலாந்தில் வீடுகளை ஏ முதல் எச் வரை எட்டு அடுக்குகளாகப் பிரித்திருக்கிறார்கள். 1991 ஏப்ரல் 1 அன்று அந்த வீடு என்ன விலை போயிருக்கும் என்பதே இன்றும் அடிப்படை. அடுக்கு என்பதால் சின்னத் தவறு பில்லில் தெரியாது. எல்லையைத் தாண்டினால்தான் மாற்றம். அங்கே மறுபரிசீலனை கேட்டால் அடுக்கு உயரவும் வாய்ப்புண்டு என்று முன்பே எச்சரிக்கிறார்கள்.

நம் முறையில் அடுக்கு இல்லை. ஆண்டு மதிப்பில் தப்பாக ஏறிய ஒவ்வொரு ரிங்கிட்டும் பில்லில் விழும். எச்சரிக்கை மட்டும் இங்கேயும் பொருந்தும். அனுமதி வாங்காமல் நீட்டிய சமையல்கட்டு உங்கள் வீட்டில் இருந்தால், ஆட்சேபம் அதிகாரியின் கண்ணை அங்கே இழுக்கலாம். முதலில் அதை யோசித்துவிட்டு இறங்குங்கள்.

இந்த வார இறுதியில் செய்ய வேண்டியது

அப்பாவின் கோப்பைத் திறங்கள். கடைசி பில், கடைசி நோட்டீஸ், நிலப்பட்டா மூன்றையும் படம் எடுத்துச் சேமியுங்கள். பில்லில் ஆண்டு மதிப்பைப் பாருங்கள், 12ஆல் வகுங்கள். வரும் எண்தான் உங்கள் வீட்டுக்கு மன்றம் நினைக்கும் மாத வாடகை. அதை அப்பாவிடம் சொல்லி, "இந்த வாடகைக்கு நம்ம வீட்டை யாராவது எடுப்பாங்களா?" என்று கேளுங்கள்.

"எடுப்பாங்க" என்று அவர் சொன்னால் மதிப்பு சரி, நிம்மதியாகக் கட்டலாம். அவர் சிரித்தால், ஆதாரம் சேர்க்க ஆரம்பியுங்கள், அடுத்த நோட்டீஸுக்குத் தயாராக.